சொல்ல முடியாத சாவி

தொலைவில் உள்ள ஒரு பொருளை, அதன் அருகே செல்லாமலேயே இன்னதென்று அறிந்துகொள்வது எப்படி என்னும் கேள்விக்கு விடை தேடுவதற்கென்றே ஜவ்வாது மலையில் ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், பட்டணத்து விளக்குகளின் வெளிச்சம் எட்டாத காட்டுப் பகுதியில், வானியல் அறிஞர் வைணு பாப்பு 1960களின் பிற்பகுதியில் தொடங்கிவைத்த அந்த வானாய்வகம் இன்று அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. 1977ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போன சமயத்தில், அம்மறைப்புக்குச் சற்று முன்பே நட்சத்திரத்தின் ஒளி கணநேரம் மங்கி மீண்டதை இங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கி பதிவு செய்தது. அந்தக் கிரகத்துக்கும் வளையங்கள் உண்டென்று உலகம் தெரிந்துகொள்ள உதவிய சான்றுகளில் அதுவும் ஒன்று. நமக்கு வந்துசேரும் சில சொற்ப அடையாளங்களைக் கொண்டே எட்டாத தூரத்தில் உள்ளதை நிர்ணயிக்கவேண்டியிருக்கிறது என்பது வானியலாரின் நித்திய சிரமம். ஆயினும், ஒரு நட்சத்திரம் மற்றொன்றின் வேஷத்தைப் புனைந்துகொண்டு வந்து ஏமாற்ற முயல்வதில்லை.

அதே மலையில், ஜமுனாமரத்தூரிலோ புதூர்நாட்டிலோ ஒரு சிறுவன் கைபேசியை எடுத்து ஃப்ரீ ஃபயர் விளையாட உட்காரும்போது, எங்கோ ஒரு நகரத்தில் இருக்கும் அந்த விளையாட்டு நிறுவனத்தின் கணினியும் ஏறக்குறைய இதே பிரச்சினையைத் தீர்க்கவேண்டியிருக்கிறது. வந்திருப்பவன் நேற்று வந்தவனேதானா, அல்லது அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருவன் வந்திருக்கிறானா? முகத்தைப் பார்க்கவோ குரலைக் கேட்கவோ வழியில்லாத அந்தக் கணினி, தனக்கு அனுப்பப்படும் அத்தாட்சியை மட்டுமே நம்புகிறது. பிள்ளைகள் ‘ஐடி’ என்று சொல்லும் விளையாட்டுக் கணக்கு, அவர்கள் மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்த பதவியும், துப்பாக்கி ஸ்கின்களும், காசு கொடுத்து வாங்கிய டைமண்டுகளும் அடங்கிய ஒரு பதிவு. அது கையில் உள்ள கைபேசியில் இருப்பதன்று, நிறுவனத்தின் கணினியில் இருப்பது. ஆகையால் ஐடியைத் திருடுகிறவன் எந்தப் பொருளையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. ‘நான்தான் அவன்’ என்று நிரூபிக்கும் சக்தியையே அபகரித்துக்கொள்கிறான். அந்தச் சக்தி எப்படிப்பட்டது, அது எவ்வாறு கைமாறுகிறது, கைமாறியபின் எவ்வாறு மீட்பது என்பனவே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

சாமையும் புளியும் தேனும் கடுக்காயும் கிடைக்கும் அந்த மலையூர்களில் கைபேசி என்பது பெரும்பாலும் ஒரு தனி மனிதருடைய சாதனமாக இல்லாமல், ஒரு குடும்பத்தின் பொதுச் சொத்தாகவே இருக்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, பாடம் கைபேசி வழியே வரத் தொடங்கிய காலத்தில், அதுவரை பேசுவதற்கு மட்டுமே பயன்பட்ட கருவி பிள்ளைகளின் கையில் வந்து சேர்ந்தது. பாடத்தோடு விளையாட்டும் வந்தது. வீட்டுப் பெரியவர்களோ, வருஷத்தில் சில மாதங்கள் குடகு, சிக்மகளூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போய்விடுகிறவர்கள். இதன் விளைவாக, கணக்கு பதிவான சிம் கார்டு தகப்பனார் கையில் குடகிலும், அந்தக் கணக்கை வைத்து ஆடும் மகன் ஜவ்வாது மலையிலும் இருக்கும் விசித்திரமான நிலைமை ஏற்படுகிறது. நூறு நாள் வேலையின் கூலி வந்து விழும் வங்கிக் கணக்கும் அதே எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கும். விளையாட்டு ஐடியின் பாதுகாப்பைச் சிறுபிள்ளை விஷயமென்று ஒதுக்கிவிட முடியாததற்கு இதுவே முதற்காரணம்: ஒரே கருவியில், ஒரே எண்ணில் பிணைந்திருக்கும் விளையாட்டுக் கணக்கும் வங்கிக் கணக்கும் ஒரே ஏமாற்றில் சேர்ந்தே பறிபோகக்கூடியவை.

ஏமாற்று எப்படி நடக்கிறது என்பதை ஒரு நிகழ்ச்சியாக வைத்துப் பார்ப்போம். மாலை ஏழு மணி. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு, அவனோடு ஒரே அணியில் ஆடும் சிநேகிதனுடைய கணக்கிலிருந்து ஒரு செய்தி வருகிறது.

“ப்ரோ, என் ஐடி லாக் ஆயிடுச்சு. தெரியாம உன் நம்பர் போட்டுட்டேன். உனக்கு ஒரு கோடு வந்திருக்கும், சீக்கிரம் அனுப்பு.”

“எந்தக் கோடு ப்ரோ?”

“ஆறு நம்பர் இருக்கும் பாரு. ரெண்டு நிமிஷத்துல எக்ஸ்பயர் ஆயிடும், சீக்கிரம்!”

அவன் அனுப்புகிறான். அடுத்த நிமிஷம் அவனுடைய கைபேசியில் விளையாட்டு தானாகவே வெளியேறிவிடுகிறது. செய்தி அனுப்பியவன் சிநேகிதன் அல்லன். சிநேகிதனுடைய கணக்கை முன்பே பறித்துக்கொண்டவன். அவன் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: நுழைவுப் பக்கத்தில் இந்த மாணவனுடைய எண்ணைக் கொடுத்து, ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்’ என்று அழுத்தினான், கணினி தன் கடமைப்படி, கணக்கின் உரிமையாளருக்கே அந்த ஆறு இலக்கங்களை அனுப்பியது, உரிமையாளன் அவற்றைத் திருடனிடம் வாசித்துக் காட்டினான். எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. பூட்டின் சாஸ்திரம் தெரியாத ஒருவனாலும் இதைச் செய்துவிட முடியும். கவனிக்கவேண்டிய மற்றொரு விஷயம், ‘சீக்கிரம்’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்பது. யோசிப்பதற்கு அவகாசம் கிடைத்தால் அந்தப் பையனே சிநேகிதனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பான். அந்த அவகாசத்தைத்தான் திருடன் முதலில் பறிக்கிறான்.

மற்ற தந்திரங்கள் பலவும் இதன் ரூபபேதங்களே. ‘இலவச டைமண்ட்’ தருவதாகச் சொல்லி, உள்ளே நுழைவதற்குக் கூகுள் அல்லது ஃபேஸ்புக் கடவுச்சொல்லைக் கேட்கும் போலிப் பக்கம் ஒன்று. பாதி விலைக்கு டைமண்ட் டாப்அப் போட்டுத் தருகிறேன், லாகின் விவரத்தைக் கொடு என்னும் ஏஜெண்டு மற்றொன்று. டாப்அப் செய்வதற்கு விளையாட்டின் ஐடி எண் ஒன்றே போதும், கடவுச்சொல் ஒருபோதும் தேவையில்லை என்பது தெரிந்திருந்தால் அவன் பொய் உடனே வெளிப்பட்டுவிடும். ‘பரிசு வந்திருக்கிறது, இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்’ என்று வரும் கியூஆர் படம், பல செயலிகளில், திருடனுடைய கணினியை நம் கணக்குக்குள் அனுமதிக்கும் கையெழுத்தாக வேலை செய்யும். 2020 செப்டம்பரில் பப்ஜியும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் மத்திய அரசால் தடை செய்யப்பட்டபின், பிளே ஸ்டோரில் கிடைக்காத விளையாட்டை ஏதோ ஒரு டெலிகிராம் குழுவிலிருந்து ஏபிகே கோப்பாக இறக்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் பிள்ளைகளிடையே வந்தது. அப்படி வந்த கோப்பு விளையாட்டோடு வேறு எதைச் சுமந்து வந்ததென்று சோதித்துச் சொல்வாரில்லை.

இவற்றோடு ஐடி விற்பனையைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் அதில் ஏமாறுகிறவர்கள் தாம் நியாயமான ஒரு வியாபாரம் செய்ததாகவே நம்புகிறார்கள். உயர்ந்த பதவியில் உள்ள ஓர் ஐடியை மூவாயிரம் ரூபாய்க்கு வாங்குகிறவன், கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் அது தனதாகிவிட்டதென்று எண்ணுகிறான். ஆனால் நிறுவனத்தின் பார்வையில் ஒரு கணக்கின் உரிமையாளன் யாரென்றால், அதை முதன்முதலில் உண்டாக்கியவன்; முதல் மின்னஞ்சல், முதல் கைபேசி, பழைய கட்டண ரசீதுகள் எல்லாம் அவனிடமே இருக்கின்றன. விற்றவன் ஒரு வாரம் கழித்து ‘என் கணக்கைத் திருடிவிட்டார்கள்’ என்று விண்ணப்பித்தால், நிறுவனம் அதை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடும். வாங்கியவன் முறையிடவும் இடமில்லை. கணக்கை விற்பதும் வாங்குவதும் பெரும்பாலான விளையாட்டு நிறுவனங்களின் விதிகளுக்கு விரோதம். இடையில் ‘மிடில்மேன்’ என்று ஒருவன் நடுநிலை வகிப்பதாக வந்தாலும் நிலைமை மாறுவதில்லை. விற்ற பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரம் விற்றவனிடமே நிரந்தரமாகத் தங்கிவிடும் ஒரு சந்தையில், வாங்குவது என்பது நடக்கவே இயலாத காரியம்.

இதற்கெல்லாம் இரையாகிறவர்கள் அறியாச் சிறுவர்கள்தாம் என்று நினைப்பது பிழை. கணினி விளையாட்டுகளின் மாபெரும் அங்காடியான ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், 2015 டிசம்பரில், மாதந்தோறும் சுமார் 77,000 கணக்குகள் கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்படுவதாக ஒப்புக்கொண்டது. ஏமாந்தவர்களில் தொழில்முறை ஆட்டக்காரர்களும் இருந்தார்கள் என்பதையும் அதுவே சொன்னது. அந்நிறுவனம் கண்ட பரிகாரங்களுள் ஒன்று என் சிந்தையை மிகவும் கவர்ந்தது: கூடுதல் பாதுகாப்பு இல்லாத கணக்கிலிருந்து பொருள் வெளியேறும்போது, அதைச் சில நாள் நிறுத்திவைத்த பின்னரே பெறுபவனிடம் சேர்ப்பிப்பது. திருடன் பறித்துக்கொண்ட அவகாசத்தை உரிமையாளனுக்கு மீண்டும் கொடுப்பதைத் தவிர அதில் வேறு வித்தை ஒன்றுமில்லை. நம் நாட்டிலும், சிம் கார்டை மாற்றினால் முதல் 24 மணி நேரம் அந்த எண்ணில் குறுஞ்செய்தி வரவோ போகவோ கூடாதென்று தொலைத்தொடர்புத் துறை 2022இல் விதித்தது இதே தத்துவத்தைத் தழுவியதுதான்.

இனி, அத்தாட்சியின் சரித்திரத்தைச் சிறிது பார்ப்போம். 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கூடத்தில், பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து உபயோகிக்கும் ஏற்பாட்டை ஃபெர்னாண்டோ கார்பட்டோ அமைத்தபோது, ஒவ்வொருவருடைய கோப்புகளையும் பிறர் தொடாமலிருக்கக் கடவுச்சொல் என்ற உபாயத்தைக் கையாண்டார். கடவுச்சொற்களை அப்படியே எழுதிவைத்தால் அந்தப் பட்டியலைத் திருடுகிறவன் எல்லாருடைய கணக்கையும் திறந்துவிடலாம் என்ற அபாயம் விரைவிலேயே புலப்பட்டது. ஆகவே கடவுச்சொல்லை ஒருவழிக் கணிதம் ஒன்றுக்கு உட்படுத்தி, அதன் விளைவை மட்டும் சேமிப்பது என்ற வழக்கம் ஏற்பட்டது. ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரை இதைச் செம்மையாக விளக்கியது. சாமையை அரைத்து மாவாக்கியபின் அந்த மாவிலிருந்து மறுபடியும் மணியைப் பெற முடியாதல்லவா, அதுபோலச் சேமித்த விளைவிலிருந்து மூலச் சொல்லைப் பெற நேர்வழி இல்லை. எனினும் ஒரு வழி உண்டு: கோடிக்கணக்கான சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதே கணிதத்துக்கு உட்படுத்தி, எது ஒத்துவருகிறதென்று பார்ப்பது.

இதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆறு இலக்க எண்களின் மொத்தத் தொகை 10 லட்சம். ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் ஆன எட்டெழுத்துச் சொற்கள் 20,882 கோடி. இது பெரிய தொகையாகத் தோன்றினாலும், பழைய, எளிய கணிதத்தில் சேமிக்கப்பட்டிருந்தால், கணினி விளையாட்டுக்கென்றே தயாரிக்கப்படும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வினாடிக்கு 1,000 கோடிக்கும் அதிகமான சொற்களைப் பரிசோதித்துவிடும். ஆகவே எட்டெழுத்தின் ஆயுள் சுமார் 21 வினாடி. அதே வேகத்தில் பன்னிரண்டு எழுத்துக்கு 110 நாட்களும், பதினாறு எழுத்துக்கு ஏறக்குறைய 1,38,000 ஆண்டுகளும் ஆகும். குறியீடுகளைச் சிக்கலாகக் கோத்துத் தாமே மறந்துவிடுவதைக் காட்டிலும், சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வைப்பது மேல் என்பது இதனால் விளங்கும். ஆனால் நீளம் மட்டும் போதாது. 2009இல், சமூக வலைத்தளங்களுக்கான சிறு விளையாட்டுகளைத் தயாரித்துவந்த ராக்யூ என்னும் நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான கடவுச்சொற்கள் வெளியாகின. அவை எவ்விதக் கணிதத்துக்கும் உட்படுத்தப்படாமல் அப்படியே எழுதிவைக்கப்பட்டிருந்தன. அப்படி ஓரிடத்தில் கசிந்த சொல்லை எடுத்துக்கொண்டு, அதே ஆள் வேறு எங்கெல்லாம் அதையே வைத்திருக்கிறான் என்று தானியங்கியாகத் தட்டிப் பார்ப்பதே இன்றைய திருடர்களின் பிரதானமான தொழில்முறை. விளையாட்டுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு வேறொன்று என்று பிரித்து வைத்தால் ஓரிடத்து நஷ்டம் ஓரிடத்தோடு நின்றுவிடும். பொதுக் கைபேசியில் இத்தனையையும் நினைவில் வைக்க இயலாதவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்தினால் அதில் குற்றமில்லை. கடல்கடந்த திருடன் ஜமுனாமரத்தூர் வீட்டு அலமாரியைத் திறக்கப்போவதில்லை.

கடவுச்சொல்லை எங்கே தருகிறோம் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தமிழில் க என்ற எழுத்தையும், ஒன்றைக் குறிக்கும் ௧ என்ற பழைய தமிழ் எண்ணையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். உ என்பதையும் ௨ என்பதையும், எ என்பதையும் ௭ என்பதையும் பாருங்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் இவை, கணினிக்கு முற்றிலும் வேறு வேறு குறியீடுகள். லத்தீன் எழுத்துகளுக்கும் ரஷிய எழுத்துகளுக்கும் இடையே இத்தகைய இரட்டைப் பிறவிகள் பல உண்டு. அவற்றைக் கலந்து, புகழ்பெற்ற ஒரு நிறுவனத்தின் முகவரியைப் போலவே தோன்றும் வேறொரு முகவரியை உண்டாக்கிவிடலாம். இரவு நேரத்தில், சிறிய திரையில், டைமண்ட் கிடைக்கும் ஆவலில் இருக்கும் ஒரு பிள்ளையின் கண் இதைப் பிரித்தறியும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அந்தப் பொறுப்பைக் கண்ணிடமிருந்து எடுத்து இயந்திரத்திடம் கொடுக்கவேண்டும். அது எவ்வாறு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கடவுச்சொல் ஒன்றே போதாதென்று கண்டபின் வந்தது, நம் எல்லாருக்கும் பரிச்சயமான ஓடிபி. குறுஞ்செய்தியாக வரும் இந்த எண், ‘இன்ன சிம் கார்டு என் கையில் இருக்கிறது’ என்பதற்கு அத்தாட்சி. மலையில் இதன் குறைபாடு இரண்டு. சிக்னல் எல்லா ஊரிலும் ஒரே சீராகக் கிடைப்பதில்லை. எண் வந்துசேர்வதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடுவது சகஜம். அடுத்தது, நான் முன்பு சொன்னபடி, சிம் குடகில் இருந்தால் எண்ணும் குடகுக்கே போகும். மகன் போனில் கேட்க, தகப்பனார் வாசித்துச் சொல்ல, ஓடிபியை யாராவது கேட்டால் வாசித்துச் சொல்வது இயல்பு என்ற பழக்கம் அந்தக் குடும்பத்தில் வேரூன்றிவிடுகிறது. நாளை ஒரு திருடன் கேட்டாலும் அதே பழக்கம் பதில் சொல்லும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் துண்டிக்கப்பட்டால், 90 நாட்களுக்குப் பின் அது வேறொருவருக்கு வழங்கப்படலாம் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும். பழைய எண்ணோடு பிணைத்துவைத்த கணக்கு அன்று முதல் ஓர் அந்நியர் கையில் இருக்கும்.

இந்த இரண்டு குறைகளையும் நீக்கும் ஓர் அழகான உபாயம் இருக்கிறது. மலைவாசிகளுக்கென்றே செய்ததுபோல அது அமைந்திருப்பதால் சற்று நெருங்கிப் பார்ப்போம். ‘ஆத்தென்டிகேட்டர்’ என்ற செயலியை முதன்முறை இணைக்கும்போது, திரையில் தோன்றும் ஒரு கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்கிறோம். அதற்குள் ஒரு நீண்ட ரகசிய எண் ஒளிந்திருக்கிறது. நிறுவனத்தின் கணினியிலும் நம் கைபேசியிலுமாக அதன் இரண்டு பிரதிகள் அந்த வினாடியிலிருந்து இருக்கும். அதற்குப்பின் இரண்டும் ஒன்றோடொன்று பேசவேண்டியதே இல்லை. 1970 ஜனவரி முதல் தேதி கிரீன்விச் நள்ளிரவிலிருந்து கழிந்த வினாடிகளை எண்ணி, அதை முப்பதால் வகுத்து, வரும் ஈவையும் அந்த ரகசிய எண்ணையும் சேர்த்து ஒருவழிக் கணிதத்தில் இட்டு, விளைவைச் சுருக்கி ஆறு இலக்கங்களாக இரண்டும் தனித்தனியே காட்டும். உதாரணமாக, 2025 புத்தாண்டு நாளில் நம் கடிகாரம் காலை 5.30 மணியைக் காட்டியபோது கழிந்திருந்த வினாடிகள் 173,56,89,600. முப்பதால் வகுத்தால் 5,78,56,320. அடுத்த முப்பது வினாடிக்கு அதுவே இருபுறத்துக்கும் பொதுவான எண். பிறகு ஒன்று கூடும், ஆறு இலக்கங்களும் அடியோடு மாறும். கைபேசிக்கு இதில் தேவையானது சரியான நேரம் ஒன்றே. சிக்னல் வேண்டாம், சிம் வேண்டாம், தகப்பனாரை எழுப்பவும் வேண்டாம். கணக்குக்கு இத்தகைய இரண்டாம் அத்தாட்சியைப் பொதுமக்களிடம் பரவலாகக் கொண்டுசென்றவர்களில் விளையாட்டு நிறுவனங்கள் முன்னோடிகள்; ப்ளிஸார்ட் நிறுவனம் 2008லேயே தன் ஆட்டக்காரர்களுக்குச் சாவிக்கொத்தில் மாட்டக்கூடிய சிறு கருவியாக இதை விற்றது. கைபேசி தொலைந்தால் பயன்படும் மாற்று எண்களின் பட்டியல் ஒன்றும் இணைக்கும்போதே தரப்படும். அதைத் தாளில் எழுதிவைக்காதவர்கள் பிற்பாடு மிகவும் துன்பப்படுகிறார்கள்.

ஆனால் இதிலும் ஒரு பலவீனம் எஞ்சியிருக்கிறது. ஆறு இலக்கங்களை வாயால் சொல்லிவிட முடியும். திருடனுக்கு முப்பது வினாடி போதும். கடவுச்சொல்லும் ஓடிபியும் செயலி காட்டும் எண்ணும் மூன்றுமே மனிதன் படித்து, நினைத்து, சொல்லக்கூடிய ரகசியங்கள். சொல்லக்கூடிய ரகசியம் எதையும் சாமர்த்தியமாகப் பேசுகிறவன் கேட்டு வாங்கிவிடலாம். ஆகவே விஞ்ஞானிகள் ரகசியத்தை மனிதனிடமிருந்தே விலக்கிவிட முடிவு செய்தார்கள். 1976இல் டிஃபியும் ஹெல்மனும் அறிமுகப்படுத்திய பொதுச்சாவி முறையின் அடிப்படையில் எழுந்த ‘பாஸ்கீ’ என்னும் ஏற்பாட்டில், கைபேசி தனக்குள் ஒரு ஜோடிச் சாவியை உண்டாக்கி, ஒன்றை மட்டும் நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. மற்றது உரிமையாளரின் கண்ணுக்கும் படாமல் உள்ளேயே இருக்கிறது. நுழையும்போது நிறுவனம் ஒரு புதுக் கேள்வி எண்ணை அனுப்ப, கைபேசி அதற்கு உள்சாவியால் கையொப்பமிட்டுத் திருப்புகிறது. எந்த முகவரிக்காக அந்தச் சாவி உண்டாக்கப்பட்டதோ அந்த முகவரி குறியீட்டுக்குக் குறியீடு ஒத்திருந்தால் மட்டுமே கையொப்பம் நடக்கும். இரட்டைப் பிறவி எழுத்துகளால் கண் ஏமாந்தாலும் கைபேசி ஏமாறாது. கேட்டால் சொல்லவும் அந்தப் பையனிடம் ஒன்றும் இல்லை. கூகுள் கணக்குகளுக்கு 2023 மே மாதம் முதல் இந்த வசதி உண்டு. பிள்ளைகளில் பலர் விளையாட்டுக்குள் கூகுள் வழியாகவே நுழைவதால், அந்த ஒரு கதவைப் பலப்படுத்தினாலே ஐடியும் பலப்பட்டுவிடும். பெயரில்லாத ‘கெஸ்ட்’ கணக்கில் ஆடுகிறவர்கள் முதலில் அதைச் சொந்த மின்னஞ்சலோடு இணைக்கவேண்டும். செயலியை அழித்தால் கெஸ்ட் கணக்கும் பெரும்பாலும் அதோடு போய்விடும். வீட்டுக் கைபேசியின் திரைப்பூட்டு எல்லாருக்கும் தெரிந்திருந்தால் பாஸ்கீயும் எல்லாருக்கும் திறக்கும் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும்.

கணக்கு பறிபோய்விட்டால் என்ன செய்வது? மின்னஞ்சலை முதலில் மீட்கவேண்டும், விளையாட்டைப் பிற்பாடு. ஏனெனில் விளையாட்டின் கடவுச்சொல்லை மாற்றும் கடிதம் மின்னஞ்சலுக்கே வருகிறது, அது திருடனிடம் இருக்கும்வரை நாம் மாற்றுவதையெல்லாம் அவன் திரும்ப மாற்றிக்கொண்டே இருப்பான். வெளியிலிருந்து இறக்கிய ஏபிகே இருந்த கைபேசியானால் அதை நீக்கிவிட்டு, நம்பகமான வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றவேண்டும். கூகுள் கணக்கு முழுவதுமே கைவிட்டுப்போயிருந்தால் விதி வேறு: நாம் வழக்கமாக உபயோகித்த அதே கைபேசியிலிருந்து, வழக்கமான அதே இடத்திலிருந்து மீட்பு விண்ணப்பத்தைத் தொடங்கினால் வெற்றி வாய்ப்பு அதிகம், அந்தப் பரிச்சயத்தையும் ஓர் அத்தாட்சியாகக் கூகுள் எடுத்துக்கொள்கிறது. உள்ளே நுழைந்தபின் ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்துவது அவசியம். ஒருமுறை நுழைந்தவனுக்குக் கணினி ஓர் அனுமதிச் சீட்டைக் கொடுத்துவிடுகிறது. பல இடங்களில், கடவுச்சொல் மாறினாலும் அந்தச் சீட்டு ரத்தாகும்வரை அவன் உள்ளேயே இருப்பான். மீட்பு எண், மாற்று மின்னஞ்சல், கடிதங்களை வேறிடத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு ஆகியவற்றில் திருடன் தன் முகவரியை விட்டுச் சென்றிருக்கிறானா என்றும் பார்க்கவேண்டும். பின்னர் விளையாட்டு நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு, செயலிக்குள் இருக்கும் வழியாகவே எழுதவேண்டும். ஐடி எண், கணக்கு தொடங்கிய காலம், முன்பு வைத்திருந்த பெயர்கள், கைபேசியின் மாடல், எல்லாவற்றுக்கும் மேலாக டைமண்ட் வாங்கிய ரசீதுகள் ஆகியவற்றை அதில் குறிப்பிடவேண்டும். பிளே ஸ்டோர் ரசீதில் ஜிபிஏ என்று தொடங்கும் ஆர்டர் எண், திருடனால் எளிதில் சொல்ல முடியாத சாட்சி.

பணமும் போயிருந்தால் ஒவ்வொரு நிமிஷமும் விலைமதிப்புள்ளது. 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசவேண்டும். மத்திய அரசு 2021இல் ஏற்படுத்திய இந்த முறையில், புகார் பதிவானதும் அது சம்பந்தப்பட்ட வங்கிக்கு மின்னணு வழியே போய், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் அதை நிறுத்திவைக்க முயல்கிறார்கள். யுபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்கக் குறிப்பு எண்ணையும், தொகையையும், நேரத்தையும் கையில் எழுதிவைத்துக்கொண்டு பேசினால் தாமதம் குறையும். வங்கிக்கும் தெரிவிக்கவேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் தேதி வெளியிட்ட விதிகளின்படி, வாடிக்கையாளரிடமும் வங்கியிடமும் தவறில்லாமல் வெளியார் செய்த மோசடியானால், மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் ஏதுமில்லை. ரகசிய எண்ணைத் தாமே சொல்லிவிட்டவருக்கும், தெரிவித்த நேரத்துக்குப் பின் போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. நம் தவறுதானே என்று வாளாவிருப்பது எவ்வளவு பெரிய பிழை என்பது இதனால் தெரியவரும். பிளே ஸ்டோரில் நாம் செய்யாத கொள்முதலை 120 நாட்களுக்குள் கூகுளிடம் முறையிடலாம். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண்ணைப் போடவேண்டிய அவசியமே கிடையாது என்பதை வீட்டில் உள்ள அனைவருக்கும் சொல்லிவைக்கவேண்டும்.

இழந்தவரைத் தேடி இரண்டாவதாக ஒருவன் வருவான்: ஐநூறு ரூபாய் கொடுத்தால் ஐடியை மீட்டுத் தருகிறேன் என்பவன். அவன் முதல் திருடனாகவே இருப்பதும் உண்டு. எந்த மீட்புக்கும் நிறுவனமோ போலீஸோ கட்டணம் கேட்பதில்லை. மூன்றாவதாகவும் ஒரு வலை இருக்கிறது. உன் வங்கிக் கணக்கைச் சில நாள் எனக்கு வாடகைக்குக் கொடு, கமிஷன் தருகிறேன் என்று வாலிபர்களிடம் கேட்கும் வலை. அப்படிக் கொடுத்த கணக்கின் வழியே வேறொரு ஏழையின் பணம் கடந்து செல்லும். விசாரணை முதலில் வந்து நிற்பது கணக்குக்காரர் வாசலில். பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாக உபயோகிப்பதற்கும், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கும், 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் தனித்தனியே மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றன.

இவ்வளவு சாதனங்களும் சட்டங்களும் இருந்தும் பெரும்பாலான சிறுவர்களுடைய நஷ்டம் மீட்கப்படாமற் போவதற்குக் காரணம் விஞ்ஞானத்தின் குறையன்று என்பது என் திடமான அபிப்பிராயம். பையன் சொல்வதில்லை. சொன்னால் அடி விழும், கைபேசி பறிக்கப்படும், காப்பித் தோட்டத்தில் உழைத்த தகப்பனாரின் பணத்தைத் தொலைத்தவன் என்ற பெயர் வரும் என்று அஞ்சி, தானே சரிசெய்ய முயன்று, இரண்டாம் திருடனிடம் சிக்குகிறான். திருடன் முதலில் பறித்த அவகாசம் இரண்டு நிமிஷம். இந்த அச்சத்தால் அவனுக்கு நாமே தானமாகக் கொடுப்பது இரண்டு வாரம். மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளின் ஆசிரியர்களையும், பிள்ளைகளை விட்டு வெகுதூரம் போய் உழைக்கும் பெற்றோர்களையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. ஐடி போய்விட்டது என்று ஒரு பிள்ளை வந்து நின்றால், ஏன் கொடுத்தாய் என்ற கேள்வியை மறுநாளுக்கு ஒத்திவையுங்கள். எந்த நேரத்தில், எந்த எண்ணுக்கு, எவ்வளவு என்று மட்டும் கேட்டு, 1930க்குப் பேசுங்கள். சிக்னல் கிடைக்காவிட்டால் அருகில் உள்ள எந்தக் காவல் நிலையத்துக்கும் பிள்ளையையே அழைத்துக்கொண்டு செல்லுங்கள். குற்றம் எந்த ஊர் எல்லையில் நடந்தது என்று கேட்டுத் திருப்பி அனுப்பாமல் புகாரைப் பதிவு செய்யவேண்டும் என்பது 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் விதி.